அறுகம்பேயா, பாசிக்குடாவா? சம்மாந்துறையிலிருந்து ஒரு விடுமுறைக் கணக்கு

சம்மாந்துறையிலிருந்து கிழக்கே வந்து காரைதீவுச் சந்தியில் பிரதான வீதியில் ஏறினால் வழி இரண்டாகப் பிரியும். வலக்கைப் பக்கம் திரும்பினால் நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி கடந்து பொத்துவில். அதற்கு அப்பால் பாலம் தாண்டினால் அறுகம்பே. இடக்கைப் பக்கம் திரும்பினால் சாய்ந்தமருது, கல்முனை, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, மட்டக்களப்பு, ஏறாவூர் கடந்து கல்குடா. அங்கேதான் பாசிக்குடா. எமது ஊரிலிருந்து இரண்டுக்கும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 75 முதல் 85 கிலோமீற்றர் வரை.

தூரம் ஒன்றானாலும் போய்ச் சேரும் இடங்கள் ஒன்றல்ல. தெற்கே இருப்பவை பெரும்பாலும் குடும்பங்கள் நடத்தும் சிறிய விடுதிகள்: நாலு அறை, எட்டு அறை, கிடுகுக் கூரை போட்ட கபானாக்கள். வடக்கே இருப்பது அரசாங்கம் கோடு போட்டுப் பிரித்துக் கம்பனிகளுக்குக் கொடுத்த ரிசோர்ட் வலயம். ஆடி, ஆவணி மாதங்களில் லண்டன், பாரிஸ், சூரிச் பக்கமிருந்து சொந்தங்கள் வந்து இறங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் இந்தத் தெரிவு எழுகிறது. எங்கள் வீட்டில் இம்முறை அது ஒரு தொலைபேசிக் கேள்வியாக வந்தது. "மச்சான், பெரிய இடமா சின்ன இடமா நல்லது? அங்க கரவன் சைட் மாதிரி ஒண்டும் இல்லையா?"

கரவன் சைட் என்று மச்சான் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் கோடை விடுமுறைக்குக் கரவனை இழுத்துக்கொண்டு போகும் குடும்பங்கள் இதே கேள்வியைப் பல தசாப்தங்களாகக் கேட்டு வருகின்றன. 1960ஆம் ஆண்டின் கரவன் தளச் சட்டம், அனுமதி பெற்ற கழகங்கள் தங்கள் உறுப்பினர்களுக்காக ஐந்து கரவன்களுக்கு மேற்படாத சிறு இடங்களை ஏற்றுக்கொள்ளலாம் என்று வழி விட்டது. அதனால் ஒரு விவசாயி தன் வயலின் மூலையில் ஒரு தண்ணீர்க் குழாயும் கழிவு கொட்ட ஒரு குழியும் வைத்து ஐந்து குடும்பங்களை ஏற்கலாம். மறுபக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கரவன்கள் நிற்கும் பெரிய தளங்கள் இருக்கின்றன. சுடுநீர்க் குளியலறை, காவலாளி, கடை எல்லாம் அங்கே உண்டு. சின்ன இடத்தில் அமைதியும் விவசாயியின் கோழி முட்டையும் கிடைக்கும், பெரிய இடத்தில் வசதியும் ஒழுங்கும் கிடைக்கும்.

இலங்கையில் அப்படிக் கரவன் பழக்கம் வேரூன்றவில்லை. கிழக்குக் கரையில் அதற்கு ஈடாகச் சொல்லக்கூடியது கபானாதான். மச்சானுக்குச் சொன்ன பதிலையே விரித்து இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்தில் வசதியைப் பார்த்து முடிவெடுத்தால் போதும். எங்கள் கரையில் அந்த நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தெற்கு: தானாக முளைத்த கரை

அறுகம்பே என்று உலகம் அழைக்கும் இடத்தின் பெரும்பகுதி பொத்துவில் பிரதேசத்துக்குட்பட்ட உல்லைக் கிராமம். அலைச்சறுக்கலுக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு மீனவக் குடும்பங்கள் வீட்டு அறையைக் கொடுத்ததில் தொடங்கிய தொழில் இது. யுத்த காலம் முழுவதும் குறைந்தோ கூடியோ நின்றுபிடித்தது.

2004 டிசம்பர் 26 எல்லாவற்றையும் அள்ளிப் போனது. இலங்கையில் அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான், 10,000க்கு மேல். அதன் பின்னர் வந்தது கரையோரத் தடை வலயம். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். உடைந்த ஹோட்டலைத் திருத்தலாம், மீனவன் வாடி போடக்கூடாதா என்ற முணுமுணுப்பு அப்போது கரை முழுவதும் கேட்டது. அதே 2005இல் அறுகம்பே வள அபிவிருத்தித் திட்டம் என்ற பெயரில் ஒரு வரைபடமும் வந்தது. கோமாரியிலிருந்து பாணமை வரை 17 கிலோமீற்றர் நீளம், 5 கிலோமீற்றர் அகலம். பெரிய ஹோட்டல்கள், களப்பில் உல்லாசப் படகுத்துறை, ஹெலிகொப்டர் இறங்குதளம் எல்லாம் அதில் இருந்தன. கனடிய எழுத்தாளர் நவோமி கிளெய்ன் 2007இல் வெளியிட்ட நூலில் அனர்த்தத்தைச் சாட்டாக வைத்து மக்களைக் கரையிலிருந்து அகற்றும் போக்குக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

மக்கள் எதிர்த்தார்கள். அந்த வரைபடம் அப்படியே நிறைவேறவில்லை. 200 மீற்றர் விதியும் பின்னர் தளர்த்தப்பட்டது. உயிர் தப்பியவர்கள் கிடுகும் மரமும் கொண்டு தாங்களே கட்டியவைதான் இன்றைய கபானாக்களில் பலவற்றின் முதல் உருவம். அறுகம்பே இன்றும் சிறு விடுதிகளின் கரையாக இருப்பதற்கு அந்த மறுப்பும் ஒரு காரணம்.

இதைச் சொல்வதால் அங்கே எல்லாம் சீராக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டவும் அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லாத கட்டடங்கள் அங்கே ஏராளம், அகற்றும் உத்தரவுகளும் காலத்துக்குக் காலம் வருகின்றன. வெளியாரின் பணத்தில் உள்ளூர்ப் பெயரில் நடக்கும் விடுதிகளும் பெருகிவிட்டன. சிறியது என்பதாலேயே அது ஊரவனுடையது என்று முடிவு கட்டக்கூடாது.

வடக்கு: கோடு போட்டுப் பிரித்த கரை

பாசிக்குடா பழைய பெயர். யுத்தத்துக்கு முன் அங்கே ஹோட்டல்கள் இருந்தன. யுத்தம் அவற்றை இடிபாடாக்கியது. 2009க்குப் பின் அரசாங்கம் அந்த வளைகுடாவைச் சுற்றுலா வலயமாக்கி 14 ஹோட்டல்களுக்கு இடம் பிரித்தது. 2011இல் மாலு மாலு திறந்தது. அமாயா பீச், ஊகா பே, சன் சியாம் என்று மற்றவை தொடர்ந்தன. திட்டமிட்ட எல்லாமே எழும்பவில்லை.

அந்தக் கடல் ஓர் அதிசயம் என்பதில் சந்தேகமில்லை. முருகைக்கல் அலையை வெளியிலேயே தடுத்துவிடுவதால் நெடுந்தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. ஆனால் கரையோரம் ஹோட்டல் சுவர்கள் வரிசையாக எழும்பியதில் மீனவர்கள் தோணி ஏற்றும் இடம் சுருங்கியது, கரைக்குப் போகும் ஒழுங்கைகளும் குறைந்தன. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அச்சுறுத்தப்பட்ட மக்களுக்கான சங்கம் 2015இல் வெளியிட்ட அறிக்கை கற்பிட்டி, குச்சவெளியோடு பாசிக்குடாவையும் எடுத்து இதைத்தான் பதிவு செய்தது. வேலைவாய்ப்பு வந்தது உண்மை. ஆனால் மேலிடத்து வேலைகள் வெளி மாவட்டக்காரருக்கும், தோட்டம் கூட்டுவதும் துணி துவைப்பதும் ஊரவருக்கும் என்ற குறை கல்குடாப் பக்கம் இன்றும் காதில் விழும்.

பெரிய ஹோட்டல் சுவருக்கு வெளியே, கல்குடா வீதியோரம், சிறு கெஸ்ட் ஹவுஸ்களும் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடல் ஒன்றுதான், ஐந்து பத்து நிமிடம் நடக்க வேண்டும். பாசிக்குடா வேண்டும், ரிசோர்ட் வேண்டாம் என்பவர்களுக்கு அது வழி.

சீருடை நடத்தும் விடுதிகள்

எமது மக்களுக்குத் தெரிவு இரண்டோடு முடிவதில்லை. முப்படை நடத்தும் விடுதிகள் வடக்கு கிழக்கில் பரவியிருக்கின்றன. காங்கேசன்துறையில் இராணுவத்தின் தல்செவன, காரைநகர்ப் பக்கம் கடற்படையின் ஹம்மன்ஹீல் கோட்டை, கல்குடாவில் இராணுவத்தின் லாயா வேவ்ஸ். விலை பெரும்பாலும் குறைவு, சுத்தம், ஒழுங்கு. இணையத்தில் படம் பார்த்துப் பதிவு செய்யும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது யாருடையது என்று பல வேளை தெரியாது.

எங்கள் மாவட்டத்தில் இதை விளங்கிக்கொள்ளப் பாணமை போதும். அறுகம்பேயிலிருந்து தெற்கே அரைமணிப் பயணம். சிங்களவரும் தமிழரும் கலப்புத் திருமணம் செய்து வாழும் பழைய ஊர். 2010 ஜூலை 17 இரவு, ராகம்வெல, சாஸ்திரவெல பகுதிகளில் ஆயுதம் தாங்கியோர் புகுந்து குடிசைகளை எரித்தார்கள். 350 குடும்பங்கள் பயிர் செய்து வந்த 1,220 ஏக்கர் அளவான நிலத்தை இழந்தன. அங்கே கடற்படையும் விமானப்படையும் முகாமிட்டன. களப்பு ஓரத்தில் கடற்படையின் கபானாக்களும் வந்தன. 2015 பெப்ரவரி 11இல் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை முடிவெடுத்தது. முடிவு தாளிலேயே கிடந்ததால் 2016 மார்ச்சில் மக்கள் தாங்களாகவே ராகம்வெலவுக்குள் திரும்பிப் போனார்கள். நிலம் பறிபோவது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மட்டும் நடப்பதல்ல என்பதைப் பாணமைச் சிங்களக் குடும்பங்களிடம் கேட்டாலே தெரியும்.

இப்படியான இடத்தில் தங்குவதா இல்லையா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். தெரிந்துகொண்டு தீர்மானிக்க வேண்டும் என்பதே என் வாதம். இன்னுமொன்று. முகாமில் இருந்தவர்கள், பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மார் உங்கள் கூட்டத்தில் இருந்தால், வரவேற்பு மேசையில் நிற்பவர் முன்னாளோ இந்நாளோ படையினர் என்பது அவர்களுக்குச் சின்ன விசயமாக இருக்காது. அவர்களைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

காசுக் கணக்கு

பெரிய ஹோட்டல் சொல்லும் விலையின் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது 10 சதவீதச் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்பதன் அடையாளம். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். 30,000 ரூபா அறைக்குச் சேவைக் கட்டணம் சேர்த்து 33,000. அதன் மேல் வற் சேர்ந்தால் 38,940. வற் பதிவு எல்லைக்குக் கீழே வருமானமுள்ள சிறு விடுதியில் அந்த வரி இல்லை. சொன்ன விலைதான் விலை.

உள்ளூர்வாசிக் கட்டணம் என்று ஒன்றும் உண்டு. பெரிய ஹோட்டல்களில் தேசிய அடையாள அட்டை உள்ளவருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு இன்னொரு விலை, அதுவும் டொலரில். லண்டன் மச்சானும் சம்மாந்துறை மச்சானும் ஒரே கூட்டமாகப் போனால் எந்த அறை எந்தக் கணக்கில் வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்கள் அந்தச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கையில் வைத்திருந்தால் பலன் உண்டு.

முன்பதிவு இணையத்தளங்கள் விடுதிக்காரரிடம் பொதுவாக 15 சதவீதம் அளவில் தரகு எடுக்கின்றன. பெரிய ஹோட்டலுக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. ஆறு அறை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது மின்சார பில். தளத்தில் பார்த்துவிட்டு நேரே தொலைபேசி எடுத்தால் விலையும் குறையும், காசும் முழுதாகப் போய்ச் சேரும். ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. நேரடியாக அனுப்பிய முன்பணத்துக்குத் தளத்தின் பாதுகாப்பு இல்லை. முதல் இரவுக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முன்பணத்தில் பெரியது சிறியது இரண்டிடமும் அடிபட்டவன் நான். வீட்டில் ஒரு மௌத்து நடந்து பயணத்தை நிறுத்தியபோது ஒரு பெரிய ஹோட்டல் விதியைக் காட்டி ஒரு சதமும் திருப்பித் தரவில்லை. வேறொரு வருடம் ஒரு சிறிய விடுதியில் போய் நின்றபோது அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, "பக்கத்து வீட்டில படுங்க, பிரச்சினை இல்ல" என்றார்கள். பக்கத்து வீடு நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் வீடு இல்லாதிருந்தால் என்ன செய்திருப்போம் என்பது வேறு விசயம்.

அறுகம்பேயில் இன்னொரு கசப்பும் உண்டு. சில விடுதிகள் உள்ளூர்க்காரர் என்று குரலிலேயே கண்டுகொண்டால் அறை இல்லை என்று சொல்லிவிடும். எனக்கும் நடந்திருக்கிறது. தமிழ் பேசும் கரையில் தமிழில் கேட்டதற்கு அறை கிடைக்காமல் திரும்புவதை எந்த வணிக நியாயமும் மூடாது. அப்படிச் சொல்லும் இடத்தைவிட்டு அடுத்த வாசலைத் தட்டுங்கள். உம்மா வாப்பாவோடு வந்த குடும்பத்தை மனதாரக் கூப்பிடும் வீடுகள் உல்லையில் தாராளமாக இருக்கின்றன.

யாரோடு போகிறீர்கள்

இதுதான் உண்மையில் முடிவெடுக்கும் கேள்வி. செயற்கைக் கால் போட்டவரோ சக்கர நாற்காலியில் இருப்பவரோ கூட்டத்தில் இருந்தால் கபானா பெரும்பாலும் சரிவராது. மணலில் சக்கரம் உருளாது, கால் புதையும். மரத்தூண் மேல் கட்டிய அறைக்குப் படி ஏற வேண்டும். குளியலறை வாசல் ஒடுக்கம், தரை வழுக்கும். பாசிக்குடாவின் பெரிய ஹோட்டல்களில் சரிவுப் பாதையும் கீழ்த்தள அறையும் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் "இருக்கு" என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள். வாசலிலிருந்து அறை வரை, அறையிலிருந்து குளியலறை வரை, அறையிலிருந்து சாப்பாட்டு மண்டபம் வரை எத்தனை படி என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். குளியலறையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் சமூகத்தில் யுத்தத்தால் உறுப்பிழந்தவர்கள் இத்தனை பேர் இருந்தும், உறவினர் விடுமுறைக்குப் போகும்போது அவர்கள் வீட்டில் தங்கிவிடுவது வழக்கமாகிப் போனது. படி எண்ணாமல் பதிவு செய்வதும் அதற்கு ஒரு காரணம்.

சின்னப் பிள்ளைகள் அதிகம் என்றாலும் பாசிக்குடாக் கடல்தான் நிம்மதி. அறுகம்பே அலைக்குப் பெயர் போனது. அலையோடு இழுவையும் உண்டு. குடாவின் உள்வளைவில் ஊர்க்காரர் காட்டும் இடத்தில் மட்டும் பிள்ளைகளை இறக்குங்கள்.

பெண்கள் முழு உடையோடு குளிக்க விரும்பினால் கடல் பிரச்சினையில்லை. ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் நீச்சல் உடை மட்டும் என்ற விதி இருக்கக்கூடும், முன்கூட்டியே கேளுங்கள். ஹலால் சாப்பாட்டுக்குத் தெற்கில் கவலையில்லை. பெரிய ஹோட்டலில் இறைச்சி ஹலாலாக இருந்தாலும் மதுவும் அதே மண்டபத்தில் பரிமாறப்படும். அது ஒத்துவராதவர்கள் அறைக்கு மட்டும் காசு கொடுத்துச் சாப்பாட்டை வாழைச்சேனையிலோ ஓட்டமாவடியிலோ பார்த்துக்கொள்ளலாம். சிறு விடுதியில் முதல்நாளே சொன்னால் வீட்டுச் சமையல் கிடைக்கும். களப்பு இறாலும் குத்தரிசிச் சோறும் எந்தப் பஃபே மேசையிலும் அந்தச் சுவையில் வராது. இது என் நாக்கின் பக்கச்சார்பு.

மின்சாரம் போனால் பெரிய இடத்தில் ஜெனரேற்றர் உடனே ஓடும். சிறிய இடத்தில் ஜெனரேற்றர் இருந்தாலும் ஏசி ஓடாது. இன்சுலின் வைத்திருப்பவர்கள் குளிர்பெட்டியைப் பற்றிக் கேட்க மறக்கக்கூடாது. வரட்சி மாதங்களில் கிணற்று நீர் உவர்க்கும். குளிக்கத் தாராளமாகப் போதும், குடிக்கப் போத்தல் தண்ணீர்.

இரண்டு இடத்துக்கும் பருவம் ஒன்றே. சித்திரை, வைகாசியிலிருந்து புரட்டாதி வரை. வாடைக்காற்று மழை தொடங்கிய பின் அறுகம்பேயின் பல விடுதிகள் பூட்டிவிடும். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் பாணமை, உகந்தைப் பக்கம் சனம் நிறையும். அறைக்கு அல்ல, பாதைக்குத்தான் அப்போது நெருக்கடி.

மச்சான் கேட்ட கரவனுக்கு மிகக் கிட்டிய அனுபவம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. உகந்தைக்கு அப்பால் குமண தேசிய வனம். யுத்தத்தால் 1985இல் மூடி 2003இல்தான் திறந்தார்கள். யால கிழக்கு என்ற பெயர் 2006இல் குமண ஆனது. வனவிலங்குத் திணைக்களத்திடம் முன்பதிவு செய்தால் உள்ளே குறித்த இடங்களில் கூடாரம் அடிக்கலாம். குழாய் கிடையாது, மின்சாரம் கிடையாது, இரவில் வெளியே வர முடியாது. தண்ணீர் முதல் கழிப்பறை வரை எல்லாம் ஒழுங்கு செய்து தரும் தனியார் முகாம்காரரும் இருக்கிறார்கள், விலை ரிசோர்ட்டைத் தொடும். இளசுகளுக்கு ஓர் இரவு போதும்.

நட்டம் யாருக்கு

2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 எரிபொருள் வரிசை. ஒவ்வொன்றும் பருவத்தையே விழுங்கியது. 2024 ஒக்டோபர் 23இல் அறுகம்பேயில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேலியப் பயணிகளை வெளியேறும்படி அவர்களின் அரசு சொன்னது. வீதியெல்லாம் பொலிசாரும் அதிரடிப்படையும் நின்றார்கள். கரை ஒரே நாளில் வெறிச்சோடியது.

கம்பனி ஹோட்டல் இப்படியான அடியை மற்ற ஊர் ஹோட்டலின் வருமானத்தில் தாங்கும், வங்கியில் தவணை தள்ளிப்போடும். உல்லைக் குடும்பம் நகையை அடகு வைக்கும். அந்த வாரம் அங்கே அறை எடுத்தவர்கள் பெரும்பாலும் கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்புப் பக்கத்து உள்ளூர்ச் சனங்கள்தான் என்று விடுதி நடத்தும் நண்பர் ஒருவர் சொன்னார். உள்ளூர்க்காரருக்கு அறை இல்லை என்று முன்பு சொன்னவர்களும் அந்த வாரம் கதவைத் திறந்து வைத்திருந்தார்களாம்.

பதிவு செய்யுமுன் நான் கேட்கும் கேள்விகள் இவ்வளவுதான். உரிமையாளர் எந்த ஊர்? இரவில் அங்கேயே தங்குவது யார்? சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறதா? காணி உறுதியா, அனுமதிப் பத்திரமா, குத்தகையா? கடைசிக் கேள்விக்குப் பலர் சிரிப்பார்கள். ஊர்க்காரர் என்றால் சிரித்துவிட்டு, வாப்பாவின் காலத்துக் கதையிலிருந்து தொடங்கிப் பதில் சொல்வார்.

இம்முறை எங்கள் கூட்டம் பதினொரு பேர். உம்மாவின் முழங்காலை நினைத்து முதல் இரவு பாசிக்குடாவில், கல்குடா வீதியோரக் கெஸ்ட் ஹவுஸில் கீழ்த்தள அறைகள். வாசலில் ஒரே ஒரு படி என்று படம் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த மூன்று இரவு உல்லையில் ஒரு குடும்பத்தின் கபானாக்கள். முன்பணமாக ஓர் இரவுக் காசு அனுப்பியாகிவிட்டது. பாணமைப் பக்கம் போவதானால் பின்னேரம் ஐந்துக்கு முன் திரும்பிவிடும்படி வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அந்த வீதியில் யானை இறங்கும்.